வலது பக்கத்துச் சீட்டி

நெஞ்சில் சத்தம் வந்தால் அது காசம்தான் என்று எங்கள் மலையில் எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. நானும் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இப்போது எனக்கு உடம்பு தேறிவிட்டது. ஏர் பிடிக்கிறேன், மூட்டை தூக்குகிறேன். ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், எப்படிப் பிழைத்தாய் என்று கேட்பவர்களுக்குப் பாதிக் கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மீதிப் பாதி வாயில் வரமாட்டேன் என்கிறது. அதற்குத்தான் இந்த நோட்டும் பென்சிலும்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டனி நாட்டில் முப்பது வீடு உள்ள ஊர் எங்களுடையது. அடிவாரத்தில் அத்தை வீட்டில் தங்கி அஞ்சாவது வரை படித்தவன் நான். ஊரில் வேறு யாருக்கும் எழுத்து தெரியாது. தபால் வந்தாலும் சர்க்கார் காகிதம் வந்தாலும் "பொன்னையனைக் கூப்பிடு" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

என் மனைவி செல்லம்மாளுக்கு ஒரே தம்பி, சடையன். தாய் தகப்பன் இல்லாதவன், எங்களோடுதான் இருந்தான். இருபது வயதில் அவனுக்குக் காசம் வந்து, கீழே சமவெளியில் ஒரு காச ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருசம் கிடந்தான். சதை பிடித்து, கன்னம் உப்பித் திரும்பி வந்தபோது கையில் ஒரு தமிழ்க் கடுதாசி கொண்டுவந்தான். நான் படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அடங்கிருச்சாம், நம்மளோடயே இருக்கலாமாம்" என்று செல்லம்மாளிடம் சொன்னேன். அவள் அன்றைக்குப் பச்சரிசிப் பாயசம் வைத்தாள். கடுதாசியைக் கூரையில் செருகி வைத்தேன்.

அடுத்த வைகாசியில் அடிவாரச் சந்தையில் உப்பு வாங்கிக்கொண்டு நானும் சடையனும் மலை ஏறினோம். அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். எங்கள் மலைச் சுமைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுமையோடு ஏறும்போது வாயால் மூச்சு வாங்கும், தொண்டை காயும். அதற்காகக் கொட்டைப்பாக்கில் பாதியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வோம். மெல்லக் கூடாது, ஊறவிட வேண்டும். மேலே போய்ச் சேரும்வரை எச்சில் சுரந்துகொண்டே இருக்கும். அன்று ஒரு பாறையில் கால் சறுக்கி, மூட்டையோடு முட்டி போட்டு விழுந்தேன். விழுந்த அதிர்ச்சியில் மூச்சை இழுத்தேன். பாக்கு உள்ளே போய்விட்டது.

புரையேறி, கண் பிதுங்கி, முகம் கறுத்துவிட்டதாம். சடையன் தன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது.

"பாக்கு வெளிய வந்துருச்சுங்களா, மாமா?"

"முழுங்கிட்டேன்டா."

"முழுங்குன மாதிரி தெரியலீங்களே."

"மூட்டையத் தூக்கு, பொழுது போகுது" என்றேன்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. மூச்சுக்குழாயில் புகுந்த பொருள் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் இருமல் நின்றுபோகும், ஆள் நன்றாகத்தான் இருப்பான் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் நான் பாக்கை அடியோடு மறந்தேன்.

ஆடியில் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் நடுக்கும், விடிந்தால் வேர்த்து விட்டுவிடும். சளி வந்தது, அதில் ஒரு நாற்றமும் வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் மெல்லிதாக ஒரு சீட்டிச் சத்தம். செல்லம்மாள்தான் முதலில் கேட்டாள். "ஏனுங்க, உங்க நெஞ்சுக்குள்ள ஏதோ ஊதுதுங்க" என்றாள். காற்று குளிர்ந்திருக்கிறது என்றேன். ஒரு நாள் சளியில் ரத்தம் தெரிந்தது. அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. அடிவாரத்து நாட்டு வைத்தியரிடம் போனேன். ரத்தம் என்று சொன்னதும் நாடி பார்த்துக்கொண்டிருந்த கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். நோயின் பேரை அவர் சொல்லவில்லை. "ஊட்டுல வேற யாருக்காச்சும் இருந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

வேறு யாருக்கு இருந்தது என்று எனக்குத் தெரியாதா. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஏறினேன். பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். வீட்டு வாசலில் சடையன் சாமை புடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் பயம் போய்விட்டது, கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. கோபமாக இருப்பது எனக்கு எளிதாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

"உன் சீக்கு என்னைப் புடிச்சிருச்சுடா" என்றேன்.

அவன் முறத்தைக் கீழே வைத்தான். "எனக்கு வந்தப்ப இப்படி ஊதலீங்க, மாமா. இப்படி நாத்தமும் இல்லீங்க. இது அன்னிக்கு உள்ள போன பாக்குங்க. டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க."

"சோறு போட்டவனுக்குச் சீக்கைக் குடுத்துட்டு, பாக்கு மேல பழியப் போடறயா?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு டாக்டரும் பார்ப்பதற்கு முன்னாலேயே என் நோயை அவன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். நான் காது கொடுக்கவில்லை.

ஆவணியில் ஊர்க்கூட்டம் கூடியது. கூட்டச் சொன்னவன் நான்தான். தொற்று நோய் என்றால் ஆளைக் காட்டுக் கொட்டாயில் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவன் பொது ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. சோற்றைக் கொண்டுபோய் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஊர்க்கவுண்டர் கேட்டார், "ஆஸ்பத்திரிக் கடுதாசி ஒண்ணு இருக்குதாமே, அதுல என்ன எழுதியிருக்குது?" கடுதாசியைக் கொண்டுபோயிருந்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நோய் அடங்கிவிட்டது, சளியில் கிருமி இல்லை, இவர் வீட்டாரோடு சேர்ந்து இருக்கலாம், வேலை செய்யலாம். கடைசியில் ஒரு வரி: மீண்டும் இருமல் கண்டால் தனியே வைத்து உடனே அழைத்து வரவும்.

முதல் நாலு வரியை விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தேன். அதிலும் "உடனே அழைத்து வரவும்" என்பதைப் படிக்கவில்லை. அந்த வாரம் மழையில் நனைந்து சடையனுக்குச் சளி பிடித்திருந்தது. நான் படித்து முடிக்கவும் அவன் இருமவும் சரியாக இருந்தது. கூட்டம் நகர்ந்து உட்கார்ந்தது.

"டாக்டரு அப்படிச் சொல்லலீங்களே, மாமா" என்றான்.

"எழுத்துல இருக்கறதுதான்டா எனக்குத் தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்லம்மாள் கேட்டாள், "அன்னிக்குப் படிச்சப்ப நம்மளோடயே இருக்கலாம்னு சொன்னீங்களே." அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துத் தெரியாதவள் என்ன செய்வாள். சடையனின் கம்பளியை மடித்துக் கொடுத்தாள்.

அவன் மேட்டுக்காட்டுக் கொட்டாய்க்குப் போனான். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் அந்தக் கொட்டாய்க்கு மேலேயும் பெய்தன, உள்ளேயும் பெய்தன. கிழக்குப் பக்கம் ஒரு தட்டி இல்லை. அதைக் கட்டித் தரச் சொல்லி அக்காளிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறான். நான் படுக்கையில் கிடந்தேன், ஊரில் வேறு யாரும் அங்கே போகமாட்டேன் என்றார்கள். தட்டி கட்டாமலே போயிற்று.

அவனை அனுப்பிவிட்டால் எனக்குக் குணமாகிவிடுமா. மார்கழியில் எழுந்து நடக்க முடியாமல் போனது. கம்பளியில் தூளி கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு என்னைக் கீழே இறக்க வேண்டும். நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினால்தான் முடியும். பங்காளிகள் மூன்று பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். நாலாவது ஆள் கிடைக்கவில்லை. செல்லம்மாள் என்னிடம் சொல்லாமல் மேட்டுக்காட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பின்னால் சடையன் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் மூங்கிலின் தலைமாட்டுப் பக்கத்தைத் தோளில் வைத்தான்.

இறக்கம் முழுக்க அவன் மூச்சு வாங்குவது என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் தோள் மாற்றினார்கள், அவன் இரண்டு தடவைதான் மாற்றினான். போதும்டா, இறக்கி வை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. இறக்கி வைத்தால் என்னை யார் தூக்குவார்கள் என்றுதான் யோசித்தேன்.

அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பங்காளிகள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். செல்லம்மாளும் சடையனும் கூட இருந்தார்கள். சடையன் வார்டுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே வாப்பா என்று நர்ஸம்மா கூப்பிட்டபோது, "நான் வரக் கூடாதுங்க" என்றான்.

டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். காதில் குழாயை மாட்டிக்கொண்டு என் முதுகை அங்குலம் அங்குலமாகக் கேட்டார். நான் அதுவரை அந்தக் குழாய் நோயை உறிஞ்சிப் பார்க்கிற சாமான் என்று நினைத்திருந்தேன். அது காதுக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது, அவ்வளவுதான். நல்ல நெஞ்சில் காற்று போய் வருவது மெல்லக் கேட்குமாம், இலையில் காற்று பட்ட மாதிரி. குழாய் சுருங்கினாலோ அடைத்தாலோ சீட்டி அடிக்கும். நுரையீரலின் சின்னச் சின்ன அறைகளில் நீர் கோத்திருந்தால், காய்ந்த சட்டியில் உப்பைப் போட்ட மாதிரிப் பொரியும். இதையெல்லாம் அவர் எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. நான் கேட்கக் கேட்கச் சொன்னார். படித்தவன் என்று தெரிந்ததும் அவருக்கு என்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அந்தப் பிரியத்துக்கு நான் தகுதியில்லாதவன்.

முதல் நாள் வலது பக்கம் கீழே குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு இடது பக்கம். மறுபடி வலது பக்கம்.

"பொன்னையா, சீட்டி ஒரு பக்கம்தான் கேக்குது. அதுவும் ஒரே இடத்தில. அதுக்குக் கீழ காத்தே போகலை. காசம் பெரும்பாலும் மேல்பக்கம் பிடிக்கும், இது கீழ இருக்கு. சாப்பிடும்போது, வேலை செய்யும்போது, எதாவது புரையேறிச்சா? வாயில இருந்தது எதாவது உள்ள போச்சா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பாறை, உப்பு மூட்டை, முதுகில் விழுந்த அடி, முழுங்குன மாதிரி தெரியலீங்களே என்றது, எல்லாம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சடையன் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் இது காசம் இல்லை. காசம் இல்லை என்றால் அவன் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. அப்புறம் நான் கூட்டத்தில் படித்தது என்ன?

"இல்லீங்க" என்றேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல் விழுந்திருந்தது. சளியை மூன்று நாள் மூன்று டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். காசக் கிருமி இல்லை என்று வந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் காத்திருக்கும் பெஞ்சில் செல்லம்மாள் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்வாள். கேழ்வரகுக் கஞ்சியை உப்புப் போட்டு ஆற்றி ஊட்டுவாள். எங்கிருந்து வாங்கி வருவாள் என்று நான் கேட்டதில்லை. சடையன் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டுச் சமையல்கட்டில் வாங்கி வந்தது அது என்று பின்னால் தெரிந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது.

ஐந்தாம் நாள் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. எக்ஸ்ரேயில எலும்பும் இரும்பும்தான் விழும். கொட்டை, விதை எல்லாம் தெரியாது. நீ சொன்னாத்தான் உண்டு."

"இல்லீங்க, டாக்டர்."

இரண்டாம் தடவையும் சொன்னேன். உயிர் போகிற இடத்தில் ஒருவன் இப்படிப் பொய் சொல்வானா என்று கேட்பீர்கள். சொல்வான். செத்தாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது என்று இருந்தேன். அந்த மானத்துக்கு விலையாக வேறு ஒருவன் மழையில் கிடந்ததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் நர்ஸம்மா வேப்பமரத்தடிக்குப் போய்ச் சடையனிடம், "உன் மாமனுக்கு என்னன்னே பிடிபடலைப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அவன் எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனான். வாசல்படியைத் தாண்டாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாக்கு எவ்வளவு பெரிசு என்று விரலில் காட்டினானாம்.

டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ரெண்டு தடவை கேட்டேனே, பொன்னையா" என்றார். செல்லம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். "என்னங்க, பாக்கா?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

தொண்டை வைத்தியர் ஒருவர் வெளியூரிலிருந்து புதன்கிழமைகளில் வருவார். அந்தப் புதனுக்குக் காத்திருந்தோம். தொண்டையில் கசப்பு மருந்தைப் பீச்சினார்கள். நாக்கு, தொண்டை எல்லாம் மரத்து யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஒருவர் பிடித்துக்கொண்டார். வாய் வழியாக ஒரு நேர் இரும்புக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார்கள். வலி அதிகம் இல்லை. மூச்சு முட்டுகிற பயம்தான். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நீளமான இடுக்கியை விட்டு எதையோ பிடித்தார், அது நழுவியது, மறுபடி பிடித்தார். குழாயோடு சேர்த்து வெளியே இழுத்தார். பின்னாலேயே நாற்றமடித்த சீழ் வந்தது. பீங்கான் தட்டில் ஏதோ விழுந்து 'டக்' என்றது.

பாதிக் கொட்டைப்பாக்கு. கறுத்துப்போய், அப்படியே முழுசாக இருந்தது. ஏழு மாதம் என் வலது நுரையீரலின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான். அதைக் கழுவி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.

நாலு நாளில் காய்ச்சல் நின்றது. டாக்டர் தன் குழாயை என் காதில் மாட்டி, அதன் வாயை என் நெஞ்சிலேயே வைத்தார். வலது பக்கம் கீழே காற்று போய் வந்தது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது, சீட்டி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது வெளியே சடையன் இருமினான். டாக்டர் தலையைத் திருப்பினார்.

"அந்தப் பையனை உள்ள கூப்பிடு."

அவன் தயங்கித் தயங்கி வந்தான். சட்டையைக் கழற்றச் சொன்னார். இடது தோள்பட்டைக்கு மேலே குழாயை வைத்தார். "இருமு. இப்ப மூச்சை இழு." மறுபடியும் இருமச் சொன்னார், மறுபடியும் இழுக்கச் சொன்னார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"எனக்கும் கேக்கணுங்க" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுக் குழாயை என் காதில் மாட்டினார். சடையன் இருமினான், மூச்சை இழுத்தான். இழுத்து முடிக்கிற நேரத்தில் சட்டியில் உப்புப் பொரிகிற சத்தம். மெல்லியதுதான். தெளிவாகக் கேட்டது.

"பழைய தழும்பு திரும்பவும் முழிச்சிருக்கு" என்றார் டாக்டர். "எங்க தங்கியிருக்கே?"

"காட்டுக் கொட்டாயிங்க."

"இந்த மழையிலயா? உன்னை மாதிரி ஆளு அங்க இருக்கலாமா? யார் இருக்கச் சொன்னது?"

சடையன் என்னைப் பார்த்தான். "ஊர்ல சொன்னாங்க" என்றான்.

"நான்தானுங்க" என்றேன். "ஊர் சொல்லலீங்க. நான் கடுதாசியைப் பொய்யாப் படிச்சேனுங்க." அங்கேயே, அந்த வார்டில், மற்ற நோயாளிகள் கேட்க, கூட்டத்தில் படிக்காமல் விட்ட நாலு வரியையும் மனப்பாடமாகச் சொன்னேன். செல்லம்மாள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அதன்பிறகு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்வரை எனக்குச் சோறு போட்டாள், கால் பிடித்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சடையனைப் பழைய காச ஆஸ்பத்திரிக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பஸ் ஏற்றிவிட நானும் போனேன். என்னை மன்னிச்சிரு என்றேன். எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை அது, சரியாகக்கூட வரவில்லை.

"அக்காளுக்காகத்தான் தூக்குனேனுங்க" என்றான். "உங்களுக்காகன்னு நெனைச்சுக்காதீங்க." குரலில் கோபம் இல்லை. விசயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னமாதிரி இருந்தது. பஸ் கிளம்பியதும் அக்காளுக்குத்தான் கையாட்டினான்.

மலைக்குத் திரும்பிய மறு வாரம் ஊரைக் கூட்டினேன். குப்பியைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு பாக்குக்கா இத்தனை பாடு" என்று ஒருவன் தொடையைத் தட்டினான். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மடியிலிருந்து கடுதாசியை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ படிச்சவன்னுதானே, பொன்னையா, நாங்க நம்புனோம்" என்றார் ஊர்க்கவுண்டர். தெண்டம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஊரில் காகிதம் வந்தால் அடிவாரத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டு வந்தார்கள். இப்போதும் அப்படித்தான்.

சடையன் ஒன்றே கால் வருசம் ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரை தின்று தேறி வந்தான். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அரியூர் நாட்டில் அவனுடைய பெரியப்பன் காடு கொஞ்சம் கிடந்தது, அங்கே மரவள்ளி போட்டுக்கொண்டு இருக்கிறான். நான் மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். "இருக்கட்டுங்க, மாமா" என்பான். தண்ணீர் கொடுப்பான், தனி லோட்டாவில். அவன் லோட்டாவைத் தொடவிட மாட்டான்.

போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வருசம் பிறந்தவள், மூன்று வயதாகிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு ஒரே தாய்மாமன். "என் தம்பி மடியில இல்லீனா எம்புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்" என்று செல்லம்மாள் சொல்லிவிட்டாள். நானே போனேன். அவனைக் கூட்டிக்கொண்டு முதலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர் அவன் முதுகை முன்னும் பின்னும் கேட்டார், சளியும் பார்த்தார். "ஒண்ணுமில்லை, சுத்தமா இருக்கு. குழந்தையைத் தாராளமாத் தூக்கலாம்" என்றார். சடையன் தலையை ஆட்டினான்.

ஊரே வந்திருந்தது. தாய்மாமன் சீராகப் பட்டுப் பாவாடையும் பழத்தட்டும் கொண்டுவந்தான். மணையில் உட்கார்ந்தான். குழந்தையை நான் என் கையால் தூக்கி அவன் மடியில் வைத்தேன். இந்த ஒரு காரியத்தோடு பாரம் கொஞ்சம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.

குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரிக்கவில்லை. முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டான். உதட்டை இறுக்கியிருந்தான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் நெஞ்சைப் பார்த்தேன். அசையவில்லை.

"மூச்சு விடுடா, சடையா" என்று அவன் காதோரம் சொன்னேன். "டாக்டர் சொன்னாரில்ல. ஒண்ணுமில்லைடா உனக்கு."

தலையை மட்டும் ஆட்டினான், முடியாது என்று. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டாள். அடுத்த காதுக்கு ஆசாரி நகரும் நேரத்தில் சடையன் முகத்தை முதுகுப் பக்கமாகத் திருப்பி ஒரு வாய் இழுத்துக்கொண்டு மறுபடி அடக்கினான். மற்றவர்கள் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேச்சைவிட நான் கூட்டத்தில் படித்துக் காட்டியதைத்தான் அவன் நம்பியிருந்தான்.

இரண்டாம் காதும் முடிந்ததும் குழந்தையை அக்காள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். யாரையும் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் பந்தலைத் தாண்டினான். வேலி ஓரம் வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் மூச்சை விட்டான்.